சேதனப் பொருள்கள் பெயர் பெற்ற வரலாறு

ஓர் ஊரிலே பிறந்து வளர்ந்த ஒருவருக்கு ஒரு பெயர் மட்டும் இருப்பதில்லை. பாட்டி அழைத்த செல்லப்பெயர் ஒன்று, பிறப்புப் பதிவிலே எழுதிய பெயர் ஒன்று, செய்தொழிலால் வந்த பெயர் ஒன்று, குடியிருக்கும் வளவினால் வந்த பெயர் ஒன்று என அவருக்குப் பெயர்கள் பலவாம். ஊருக்குள்ளே இதனால் இடர்ப்பாடு இல்லை. எந்தப் பெயரைச் சொன்னாலும் அயலவர் ஆளைக் காட்டிவிடுவர். ஆனால், அவரை ஒருநாளும் கண்டறியாத ஒருவர் தூரதேசத்திலிருந்து அவருக்கு ஒரு மடல் எழுத நேருமாயின், செல்லப்பெயர் உதவாது. ஆளையும் இடத்தையும் ஐயத்துக்கு இடமின்றிக் காட்டும் பெயரும் முகவரியும் வேண்டும்.

மனிதர்க்கு உள்ள இந்நிலை பொருள்களுக்கும் உண்டு. தென்னங்கள்ளிலிருந்து பெறும் வினாகிரியை இலங்கையில் அறியாத அடுக்களை இல்லை. இரப்பர்ப் பாலை உறையச் செய்வதற்குத் தோட்டங்களிலே சேர்க்கும் அமிலத்தை இரப்பர் செய்வோர் யாவரும் அறிவர். முன்னையதன் புளிப்புக்குக் காரணமான பொருளை அசற்றிக்கமிலம் என்றும், பின்னையதைப் போமிக்கமிலம் என்றும் வழங்குவர். பாடசாலையிலே இரசாயனம் பயிலும் மாணாக்கரோ இவற்றையே எதனோயிக்கமிலம், மெதனோயிக்கமிலம் என்றும் படிக்கின்றனர். ஒரே பொருளுக்கு இரண்டு பெயர் ஏன்? பழைய பெயரிலே கண்ட குறை யாது? புதிய பெயரை ஆக்கியோர் யாவர்? இவ்வினாக்களுக்கு விடை தேடப் புகின், மூன்று நூற்றாண்டுக்கு மேற்பட்ட ஒரு வரலாறு விரிகின்றது.

முதலிலே பொருள்கள் தாம் பிறந்த இடத்தாற் பெயர் பெற்றன. எறும்புகளை வடித்துப் பெற்ற புளிப்பு நீரைப் பற்றி இங்கிலாந்து அறிஞர் யோன் இரே என்பார் 1671ஆம் ஆண்டில் எழுதினார். இலத்தீன் மொழியில் எறும்புக்குப் போமிக்கா என்பது பெயர். அதனால் அப்புளிப்பு போமிக்கமிலம் ஆயிற்று. வினாகிரிக்கு அம்மொழியில் அசெற்றம் என்று பெயர். அதனின்றும் அசற்றிக்கமிலம் பிறந்தது. சுவீடன் தேசத்து மருந்துக்கடைக்காரராகிய ஷேலே என்பவர் புளித்த பாலிலிருந்து 1780இலும், எலுமிச்சம்பழத்திலிருந்து 1784இலும், அப்பிள் பழத்திலிருந்து 1785இலும் மூன்று அமிலங்களைப் பிரித்தெடுத்தார். அவை பாலையும் எலுமிச்சையையும் அப்பிளையும் குறிக்கும் இலத்தீன் சொற்களால் இன்றும் வழங்குகின்றன. பிரான்சு தேசத்துச் செவ்ரூல் கொழுப்புகளை ஆராய்ந்து 1823ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். வெண்ணெயில் அவர் கண்ட அமிலம் வெண்ணெயின் பெயரையே தாங்கிப் பியூற்றிரிக்கமிலம் ஆயிற்று. ஆட்டின் வாடை வீசிய வேறு சில அமிலங்கள் ஆட்டைக் குறிக்கும் கப்றா என்னும் சொல்லால் இன்றளவும் அழைக்கப்படுகின்றன.

இப்பெயர்களில் ஓர் அழகு உண்டு. பொருள் எங்கிருந்து வந்தது என்பதைப் பெயரே சொல்லிவிடுகின்றது. ஆயினும் அப்பொருள் எதனால் ஆயது, எவ்வாறு அமைந்தது என்பதைப் பற்றி அது ஒரு சொல்லும் சொல்வதில்லை. எறும்பின் அமிலமும் வினாகிரியின் அமிலமும் ஒரே குடும்பத்தில் அடுத்தடுத்துப் பிறந்தவை என்பதை அவற்றின் பெயரைக் கொண்டு எவர்தாம் அறிவர்?

சேதனம் அல்லாத பொருள்களின் பெயர்களிலோ இக்குறை இன்னும் பெரிதாய் இருந்தது. நஞ்சாகிய ஒரு திரவத்துக்கு ஆசனிக்கு வெண்ணெய் என்று பெயர். வெண்ணெய்க்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. துத்தநாகத்தை எரித்தலாற் கிடைக்கும் வெண்பொடிக்குத் துத்தநாகப் பூ என்று பெயர்; அது பூவும் அன்று. இக்குழப்பத்தை ஒழிக்கக் கருதிய பிரெஞ்சு அறிஞர் நால்வர், லவோசியே, கீற்றன் த மோவோ, பெர்த்தொலே, பூர்க்குறுவா என்போர், 1787ஆம் ஆண்டில் இரசாயனப் பெயரீட்டு முறை ஒன்றை வகுத்து நூலாக வெளியிட்டனர். ஒரு பொருளின் பெயர் அதன் கண்ணுள்ள மூலகங்களைக் காட்டவேண்டும் என்பதே அவர் கொண்ட கொள்கை. கந்தகமும் ஒட்சிசனும் சேர்ந்தால் அவ்விரண்டும் பெயரிலே தோன்றவேண்டும். அம்முறை சில ஆண்டுகளுள் ஐரோப்பா முழுவதும் பரவிற்று.

ஆனால், உயிர்ப்பொருள்களிலிருந்து பெறப்பட்டமையாற் சேதனப் பொருள்கள் எனப்பட்டவற்றின் வாயிலிலே அம்முறை நின்றுவிட்டது. அதற்குக் காரணம் எளிது. சர்க்கரை, வினாகிரி, மதுசாரம், கொழுப்பு ஆகிய இவையனைத்தும் காபன், ஐதரசன், ஒட்சிசன் என்னும் மூன்று மூலகங்களாலேயே ஆனவை. மூலகங்களை மட்டும் சொல்லிப் பெயரிடப் புகுந்தால் ஆயிரம் பொருளுக்கும் ஒரே பெயர்தான் கிடைக்கும். ஒரு தெருவிலுள்ள வீடுகள் யாவும் கல்லாலும் மரத்தாலும் ஓட்டாலும் கட்டப்பட்டவை எனின், கல் மரம் ஓடு என்று மடலின் மேல் எழுதினால் அது எந்த வீட்டுக்குப் போய்ச் சேரும்? யேர்மனிய அறிஞர் வோலர் 1835ஆம் ஆண்டிலே தம் ஆசிரியர் பெர்சீலியசுக்கு வரைந்த மடலில், சேதன இரசாயனத்தை வெப்பநாட்டுப் பெருங்காட்டுக்கு ஒப்பிட்டார். உட்புகுந்தவர் வெளியேறும் வழி காணாத காடு அது என்பது அவர் கருத்து.

அவ்வச்சம் அனுபவத்தால் வந்தது. இருபது வயதைக் கடந்த இளைஞராய் இருந்த காலத்தில் வோலர் வெள்ளிச் சயனேற்று என்னும் பொருளைப் பகுத்தாய்ந்தார். அவரையொத்த வயதினரான லீபிக் வெள்ளிப் புல்மினேற்று என்னும் பொருளைப் பகுத்தாய்ந்தார். முன்னது அமைதியான பொருள். பின்னது தொட்டால் வெடிப்பது. இருவரும் கண்ட அளவுகளோ ஒன்றாய் இருந்தன. இரு வேறு பொருள்களுக்கு ஒரே இயைபு இருத்தல் இயலாது என்று எல்லாரும் எண்ணிய காலம் அது. ஆகவே லீபிக் மற்றவரின் கணக்குப் பிழை என்றார். இறுதியில் இருவர் கணக்கும் சரியே என்பது தெளிவாயிற்று. பகைவராகத் தொடங்கிய இருவரும் வாழ்நாள் நண்பராயினர். 1828இலே வோலர் அமோனியம் சயனேற்றைச் சூடாக்கி யூரியாவைப் பெற்றபோது, அவ்விரண்டுக்கும் இயைபு ஒன்றாய் இருக்கக் கண்டார். இத்தகைய பொருள்களுக்கு 1830இல் பெர்சீலியசு சமபகுதியங்கள் என்னும் பொருள்படும் பெயரைச் சூட்டினார். எவை சேர்ந்தன என்பது மட்டும் போதாது, எவ்வாறு சேர்ந்தன என்பதையும் அறியவேண்டும் என்பது அன்று முதல் விளங்கிற்று.

ஒரு பொருளுக்குப் பல பெயர் இருத்தலால் விளையும் தீங்குக்கு அனிலீனின் கதையினும் சிறந்த சான்று இல்லை. 1826ஆம் ஆண்டில் உன்வெர்தோர்பென் என்பவர் அவுரிச் செடியினின்று பெறும் நீலத்தை வடித்து ஓர் எண்ணெயைப் பெற்றார். அதன் உப்புகள் பளிங்குருவாய்ப் படிந்தமையாற் கிறித்தலீன் என்று பெயரிட்டார். 1834இல் இருங்கே என்பவர் நிலக்கரித் தாரிலே ஓர் எண்ணெயைக் கண்டார். வெளிற்றுந் தூளோடு சேர்ந்து அது நீலநிறம் காட்டியமையால் நீல எண்ணெய் என்று பொருள்படக் கயனோல் என்றார். 1840இல் பிரித்சே என்பவர் நீலத்தைப் பொற்றாசோடு சேர்த்துச் சூடாக்கிப் பெற்ற பொருளுக்கு அனிலீன் என்று பெயர் வைத்தார். 1842இல் உருசிய தேசத்துக் கசான் நகரிலே சினின் என்பவர் நைத்திரோபென்சீனிலிருந்து ஒரு பொருளை ஆக்கி அதற்குப் பென்சிடாம் என்று பெயர் கொடுத்தார். நால்வரும் தத்தம் பொருளைப் புதிதென்றே கருதினர். பிறர் எழுதியதை ஒவ்வொருவரும் படித்திருப்பினும், கயனோல் என்னும் சொல்லைக் கண்டு அது கிறித்தலீனே என அறிதற்கு வழியில்லை.

1843ஆம் ஆண்டிலே லீபிக்கின் ஆய்கூடத்தில் இருந்த ஓகஸ்ட் வில்லெம் ஹொப்மன் என்னும் இளைஞர் இந்நான்கையும் ஒப்பிட்டு ஆராய்ந்து, நான்கும் ஒன்றே என நாட்டினார். நான்கு பெயர்களில் அனிலீன் மட்டும் நிலைத்தது. அப்பெயருக்குத் தாயாகிய அனில் என்னும் போர்த்துக்கேயச் சொல் அரபு மொழி வழியாக வந்தது. அரபு மொழிக்கு அச்சொல் இந்தியாவிலிருந்து சென்றது. நம்மவர் நாவில் வழங்கும் நீலம் என்னும் சொல்லும் அதே குடியைச் சேர்ந்ததாகும். 1856இலே ஹொப்மனின் மாணவராகிய பதினெட்டு வயதுப் பேர்க்கின் என்பார் இலண்டனில் முதற் செயற்கைச் சாயமாகிய ஊதாவை ஆக்கியது இவ்வனிலீனிலிருந்துதான். நால்வர் கையிலே நான்கு பெயரோடு உறங்கிக் கிடந்த பொருள், ஒரு பெயரால் அறியப்பட்ட பின்னரே ஒரு பெருந்தொழிலுக்கு அடிப்படையாயிற்று.

இதற்கிடையே அறிஞர்கள் பொருள்களின் உள்ளே மாறாது நிற்கும் அணுக்கூட்டங்களைக் கண்டு அவற்றுக்குப் பெயர் வைத்தனர். 1834ஆம் ஆண்டிலே பாரிசு நகரத்துத் தூமா, பெலிகோ என்னும் இருவர் மரத்தை வடித்துப் பெறும் சாரத்தை ஆராய்ந்தனர். மதுவைக் குறிக்கும் மெது என்னும் கிரேக்கச் சொல்லையும், மரத்தைக் குறிப்பதாக அவர் கருதிய ஊலே என்னும் சொல்லையும் இணைத்து மெதிலீன் என்னும் பெயரை ஆக்கினர். கிரேக்கம் வல்லோர் இதிலும் குற்றம் காண்பர். ஊலே என்பது காட்டைக் குறிக்குமேயன்றி மரமாகிய பொருளைக் குறிப்பதன்று என்பர். குற்றம் குற்றமாகவே நிற்க, மெதயில் என்னும் சொல் அதனின்றும் பிறந்து உலகெங்கும் பரவிவிட்டது. ஈதரிலிருந்து லீபிக் எதயில் என்னும் சொல்லை எடுத்தார். முதற் கொழுப்பு என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களிலிருந்து புரொப்பி என்னும் பகுதி வந்தது. வெண்ணெயிலிருந்து பியூற்று என்னும் பகுதி வந்தது. ஒரு காபன் அணு, இரண்டு, மூன்று, நான்கு என எண்ணுதற்கு இன்று மாணாக்கர் சொல்லும் மெதேன், எதேன், புரொப்பேன், பியூற்றேன் என்பவற்றின் முதற்பகுதிகள் இவையே. மரமும் ஈதரும் கொழுப்பும் வெண்ணெயும் இவற்றுள் மறைந்து கிடக்கின்றன. ஐந்தாவதாகிய பென்ரேன் முதலாகவே கிரேக்க எண்ணுப்பெயர்கள் தொடங்குகின்றன.

பெயரிலே அமைப்பைக் காட்டவேண்டுமாயின் முதலில் அமைப்பு இன்னதெனத் தெரியவேண்டும். 1858ஆம் ஆண்டிலே கெக்குலே என்பார், காபன் அணு ஒவ்வொன்றும் நான்கு கைகளையுடையது என்றும், காபன் அணுக்கள் ஒன்றோடொன்று கைகோத்துச் சங்கிலியாய் நீளவல்லன என்றும் கூறினார். ஆயினும் அணுநிறைகளிலேயே அக்காலத்தவர்க்கு ஒருமைப்பாடு இல்லை. 1860ஆம் ஆண்டு செப்டெம்பரிலே யேர்மனியின் கால்சுரூகே நகரிற் கூடிய மாநாட்டில் இத்தாலியராகிய கனிசாரோ அணுநிறைகளைப் பற்றித் தெளிவுற எடுத்துரைத்தார். மறு ஆண்டு கெக்குலே வெளியிட்ட பாடநூலிலே ஒரு பக்கம் பெயர்பெற்றது. வினாகிரியின் அமிலமாகிய ஒரு பொருளுக்கு அக்கால அறிஞர் எழுதிவந்த சூத்திரங்களை அவர் அங்கே வரிசைப்படுத்தினார். அவை 19 ஆயின. எழுத்தறிந்தோர் பத்தொன்பது பேர் ஒரே சொல்லைப் பத்தொன்பது விதமாக எழுதின், அம்மொழியிற் கல்வி எங்ஙனம் வளரும்?

நான்கு பெயரை ஒன்றாக்கிய ஹொப்மனே முறையான பெயரீட்டுக்கும் வழிகாட்டினார். 1866ஆம் ஆண்டிலே அவர் ஐதரோகாபன்களுக்கு ஒரு திட்டம் வகுத்தார். காபன் அணுக்களின் தொகையைப் பெயரின் முதற்பகுதி காட்டும். இறுதிப்பகுதியிலுள்ள உயிரெழுத்து மாறுமிடத்து ஐதரசன் இரண்டிரண்டாகக் குறையும். இலத்தீன் நெடுங்கணக்கிலுள்ள ஐந்து உயிர்களையும் முறையே இதற்கு அவர் பயன்படுத்தினார். எளிமையிலே இதற்கு நிகரில்லை. அவற்றுள் முதலிரண்டும் இன்று எதேன், எதீன் என்பவற்றின் ஈறுகளாய் வாழ்கின்றன. மூன்றாவது சிறிது திரிந்து எதைன் என்பதன் ஈறாயிற்று. ஏனையிரண்டும் மறைந்தொழிந்தன. நான்கு காபனுடையதற்கு அவர் கொடுத்த குவாட்டேன் என்னும் இலத்தீன் எண்ணுப்பெயரும் வெண்ணெயின் முன் நிற்கமாட்டாது போயிற்று.

ஆண்டுதோறும் புதுப்பொருள்கள் பெருகின. பெயில்சுதைன் என்பவர் சேதனப் பொருள்கள் அனைத்தையும் தொகுத்து 1881 முதல் 1883 வரை வெளியிட்ட கைந்நூல், முதற் பதிப்பிலேயே 2200 பக்கங்கள் அளவில் விரிந்தது. அத்தகைய நூலிலே ஒரு பொருளைத் தேடுவோர் எந்தப் பெயரிலே தேடுவது? தாம் ஆக்கிய பொருள் புதியதா, முன்னரே ஒருவர் ஆக்கியதா என்பதை எவ்வாறு அறிவது? பெயரீட்டின் உயிர்நாடியான இடர் இதுவே. 1889இற் பாரிசு நகரிற் கூடிய அனைத்துலக இரசாயன மாநாடு இதனை ஆராய ஒரு குழுவை அமைத்தது. அக்குழுவின் முயற்சியால் 1892ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதம் சுவிற்சர்லாந்தின் ஜெனீவா நகரிலே ஐரோப்பிய நாடுகள் ஒன்பதிலிருந்து 34 அறிஞர்கள் வந்து கூடினர்.

அக்கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் பிரான்சு தேசத்துச் சார்ல்சு பிரீடல். அவர் பிறந்த ஊர் திறாசுபூர். 1871இலே போரின் முடிவில் அந்நகரம் யேர்மனியின் வசமாயிற்று. பிறந்த ஊரைப் பறிகொடுத்த அப்பெரியாரின் தலைமையிலே யேர்மனியராகிய பேயரும், கால்சுரூகேயிற் பேசிய முதியவர் கனிசாரோவும், இலண்டன் ஆம்ஸ்ட்ரோங்கும் ஒரு மேசையைச் சூழ்ந்திருந்து பெயர்களைப் பற்றி வாதாடினர். ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் அதிகாரபூர்வமான பெயர் இருத்தல் வேண்டும், அகராதியிலும் அட்டவணையிலும் அது அப்பெயரின் கீழேயே காணப்படவேண்டும் என்பதே அவர் மேற்கொண்ட நோக்கம்.

அவர் வகுத்த முறையை ஒரு காட்சியால் விளக்கலாம். ஐந்து சிறுவர்கள் கைகோத்து நிற்பதாகக் கொள்வோம். ஐவரும் ஒரே வரிசையில் நின்றால் அது பென்ரேன். நால்வர் வரிசையில் நிற்க, ஐந்தாமவன் இரண்டாமவனைப் பற்றிப் பக்கத்திலே நின்றால் அது வேறொரு பொருள். மூவர் வரிசையில் நிற்க, மற்றை இருவரும் நடுவில் நிற்பவனை இருபக்கமும் பற்றி நின்றால் அது இன்னுமொரு பொருள். மூன்றிலும் சிறுவர் ஐவரே. ஆயினும் நிற்கும் முறை வேறு. முன்னர் இவற்றை வழமைப் பென்ரேன், ஐசோ பென்ரேன், நியோ பென்ரேன் என வழங்கினர். மூன்றுக்கு இது போதும். ஆறு காபன் சேரின் ஐந்து பொருள்கள் ஆகின்றன. பத்துச் சேரின் 75 ஆகின்றன. இருபது சேரின் 3,66,319 ஆகின்றன. இத்தனைக்கும் அடைமொழி தேடப் புகுந்தால் எந்த மொழியின் சொற்களஞ்சியமும் வற்றிவிடும்.

ஜெனீவா அறிஞர் கூறிய வழி இது. முதலிலே மிக நீண்ட வரிசையைக் காண்க. அதுவே குடும்பப் பெயர். வரிசையில் நிற்போரை ஓர் அந்தத்திலிருந்து எண்ணிடுக. பக்கத்திலே நிற்பவன் எத்தனையாம் எண்ணினனைப் பற்றியுள்ளான் என்பதை எண்ணாற் கூறுக. ஆகவே மேற்சொன்ன இரண்டாவது பொருள் 2-மெதயில் பியூற்றேன் ஆகும். மற்றை அந்தத்திலிருந்து எண்ணினால் 3 என வருமே எனின், சிறிய எண்ணையே கொள்க என இன்றைய விதி விடை கூறுகின்றது. மூன்றாவது பொருள் 2,2-இருமெதயில் புரொப்பேன் ஆகும். மேலும், மதுசாரங்களுக்கு ஓல், அல்டிகைட்டுகளுக்கு அல், கீற்றோன்களுக்கு ஓன் என ஈறுகளும் வகுக்கப்பட்டன. அமிலங்களுக்குத் தனி ஈறு ஒன்று அமைந்தது. பெயரைக் கேட்டவர் பொருளைக் கண்ணாற் காணாமலே அதன் உருவத்தைத் தாளிலே வரையக்கூடும். வரைந்த உருவத்தைக் கண்டவர் வேறெவரையும் கேளாமலே பெயரைச் சொல்லக்கூடும். முன்னாளைப் பெயர்களால் ஆகாத காரியம் இது.

இம்மாநாடு நிறைவேறிய மறு மாதம், 1892 மே 5ஆம் நாள், ஹொப்மன் பெர்லின் நகரிலே காலமானார். நான்கு பெயர்களை ஒன்றாக்கிய இளைஞர் தொடங்கிய பணி ஒரு நிலையை எய்திய வேளையிலே அவர் வாழ்வும் முடிவெய்தியது.

முறையான பெயர் அறிஞரின் வசதிக்கு மட்டும் உரியதன்று. அது உயிர்காக்கும் அறிவையும் தன்னுள் அடக்கியது. மரச்சாரம், போமலின், எறும்பின் அமிலம் என்னும் மூன்றையும் ஒருங்கு வைத்துப் பார்ப்போருக்கு இவற்றிடையே யாதொரு உறவும் தோன்றாது. இவற்றையே மெதனோல், மெதனல், மெதனோயிக்கமிலம் என்று சொல்லுமிடத்து மூன்றும் ஒரு காபனையுடைய ஒரு குடும்பம் என்பது செவிக்கே புலனாகின்றது. போமலின் என்பது மெதனல் கரைந்த நீரேயாகும். இவ்வுறவு ஏட்டளவில் நிற்பதன்று. மெதனோலை ஒருவர் அருந்தின், உடலினுள்ளே அது முதலில் மெதனலாகவும் பின்னர் மெதனோயிக்கமிலமாகவும் மாறுகின்றது. அவ்வமிலமே கண்ணின் நரம்பைக் கெடுத்துக் குருடாக்குவதும், உயிரைப் போக்குவதும். கள்ளிலும் சாராயத்திலும் உள்ளது எதனோல். அது இரண்டு காபன் உடையது. மணத்தாலும் நிறத்தாலும் இரண்டையும் சாதாரண மக்கள் பிரித்தறிதல் அரிது. இரண்டையும் பொதுவாக அற்ககோல் என்று அழைத்தமையால் நேர்ந்த மயக்கம் பல நாடுகளிலே பலரைப் பலிகொண்டுள்ளது. 1911ஆம் ஆண்டு மார்கழி மாதம் பெர்லின் நகரிலே வீடற்றோர் தங்கும் விடுதியிலே மெதனோல் கலந்த மதுவை அருந்திப் பலர் மாண்டனர். நஞ்சுண்டவருக்கு வைத்தியர் மாற்றாக எதனோலையே கொடுத்துவந்தனர் என்பதும் கருதத்தக்கது. ஈரலிலே இரண்டையும் மாற்றும் நொதியம் ஒன்றே. எதனோல் அதனைப் பற்றிக்கொள்ளுமிடத்து மெதனோல் நஞ்சாய் மாறுதல் தடைப்படுகின்றது. மெத, எத என்னும் ஓரெழுத்து வேறுபாட்டினுள்ளே உயிரும் சாவும் அடங்கியிருக்கின்றன.

இத்துணைச் சிறப்புடைய முறை உடனே உலகை வென்றதா எனின், இல்லை. வளையமாய் அமைந்த பொருள்கள் பலவற்றை ஜெனீவா விதிகள் தொடவில்லை. தொழிற்சாலையாரும் மருந்துக்கடையாரும் பழைய பெயர்களைக் கைவிடவில்லை. 1919இலே தோன்றிய தூய பிரயோக இரசாயனவியல் அனைத்துலக ஒன்றியம் இப்பணியை ஏற்றது. 1930ஆம் ஆண்டிலே பெல்சியத்தின் இலியேசு நகரில் ஒப்புக்கொள்ளப்பட்ட விதிகள் ஒரு படி கீழிறங்கி வந்தன. ஒரு பொருளுக்கு ஒரே பெயர் என்னும் பிடிவாதத்தை அவை தளர்த்தின. நிலைபெற்ற வழக்கை இயன்றவரை குலைக்காது விட்டன. 1957இலும் 1979இலும் 1993இலும் விதிகள் விரிந்தன. 2013ஆம் ஆண்டின் விதிகளிலேதான் விரும்பத்தக்க ஒரு பெயரைச் சுட்டும் பழைய ஜெனீவாக் கனவு மீண்டும் தலைதூக்கியது.

அங்கேயும் ஒரு வேடிக்கை உண்டு. அவ்விதிகள் வினாகிரியின் அமிலத்துக்கு விரும்பத்தக்க பெயராகத் தேர்ந்தது அசற்றிக்கமிலம் என்பதையே. எறும்பின் அமிலத்துக்குப் போமிக்கமிலம் என்பதையே தேர்ந்தன. யூரியாவும் யூரியாவாகவே நின்றது. மூன்று காபனுடைய அசற்றோனோ தன் பழம்பெயரை இழந்து புரொப்பன்-2-ஓன் என்னும் எண்ணிட்ட பெயரைப் பெற்றது. விதி வகுத்தோர் வழக்கை முற்றாக வெல்லவுமில்லை. அதற்கு முற்றாகத் தோற்கவுமில்லை. பொருள்களோ பெருகிக்கொண்டே சென்றன. 1965இலே அமெரிக்க இரசாயனக் கழகத்தின் பதிவகம் பொருள் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணை வழங்கத் தொடங்கியது. அவ்வாறு பதிந்த பொருள்கள் 20 கோடியைத் தாண்டிவிட்டன. எண் பொருளை மயக்கமின்றிச் சுட்டும். ஆயின் அதன் உருவத்தையோ உறவையோ சொல்லமாட்டாது. அக்காரியத்துக்குப் பெயரே வேண்டும்.

இவ்வரலாற்றிலே தமிழுக்கும் ஒரு பங்கு உண்டு. யாழ்ப்பாணத்து மானிப்பாயிலே தமிழ் மாணவருக்குத் தமிழிலேயே மேனாட்டு வைத்தியம் கற்பித்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், இரசாயன நூல் ஒன்றைத் தமிழாக்கிக் கெமிஸ்தம் என்னும் பெயரோடு 1875ஆம் ஆண்டில் வெளிவரச் செய்தார். ஜெனீவா மாநாட்டுக்கு அது 17 ஆண்டு முந்தியது. ஐரோப்பியரே தமக்குள் ஒரு பெயருக்கு உடன்படாதிருந்த காலத்தில், அப்பொருள்களை இன்னொரு மொழியிலே எடுத்துரைக்க முனைந்தவரின் இடர்ப்பாட்டை எண்ணிப்பார்த்தல் தகும். அந்நூலின் தலைப்பே பிறமொழிச் சொல்லுக்குத் தமிழ் ஈறு கொடுத்து ஆக்கப்பட்டது. பின்னர் 1950களிலே இலங்கையில் அரசகரும மொழித் திணைக்களத்தார் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டனர். ஒட்சிசன், ஐதரசன், நைதரசன் என்னும் வடிவங்கள் இலங்கை மாணாக்கரிடையே நிலைபெற்றன. தமிழகத்து மாணாக்கரோ ஆக்சிஜன், ஹைட்ரஜன், நைட்ரஜன் என்று படிக்கின்றனர். இங்கே மெதேன் எனப்படுவது அங்கே மீத்தேன். இங்கே எதேன் எனப்படுவது அங்கே ஈத்தேன்.

ஒரு மொழிக்குள்ளே இரண்டு வழக்கா எனச் சிலர் கவலுவர். கவலைக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. ஒரு கரையில் எழுதிய நூலை மறு கரையிலுள்ள மாணவன் எடுத்துப் படிக்கும்போது சற்றே தயங்கவே செய்கின்றான். ஆயினும் அத்தயக்கம் நெடுநேரம் நிற்பதில்லை. 2-மெதயில் என்றாலும் 2-மெத்தில் என்றாலும், வரிசையில் இரண்டாவதாக நிற்கும் காபனையே இருவரும் தேடுவர். இருவரும் வரையும் உருவம் ஒன்றாகவே இருக்கும். எழுத்தும் ஒலியும் ஊருக்கு ஊர் வேறுபடினும், பெயரின் உள்ளே நிற்கும் ஒழுங்கு வேறுபடுவதில்லை. நான்கு பெயரால் அழைக்கப்பட்ட ஒரே எண்ணெயை நான்கென எண்ணி மயங்கிய உலகம், நூறாண்டுக்கு மேல் முயன்று தேடிக்கொண்ட செல்வம் அவ்வொழுங்கு. எறும்பும் வினாகிரியும் வெண்ணெயும் வீட்டுப் பெயர்களாக நின்று தம் பழங்கதையைச் சொல்லிக்கொண்டிருக்கட்டும். ஒருவரையொருவர் கண்டறியாத இருவர் தூரதேசங்களிலிருந்து ஒரே பொருளைப் பற்றிப் பேச நேரும்போது, மடலின்மேல் எழுதுதற்கு மயக்கமற்ற ஒரு முகவரி ஆயத்தமாக இருக்கின்றது.